லாக்கரின் பூட்டைவிட அதன் பின்சுவரைக் கவனியுங்கள்

வாசகர் கடிதம்: நான் கும்பகோணத்தில் வசிக்கும் ஓய்வு பெற்ற ஆசிரியை. 1998 முதல் என் கணவர் பெயரிலும் என் பெயரிலும் கூட்டாக ஒரு வங்கிக் கிளையில் லாக்கர் இருக்கிறது. சென்ற ஆண்டு அவர் காலமானார். வங்கி விவரங்களில் இன்னமும் அவருடைய கைபேசி எண்தான் இருக்கிறது. ஆண்டுக்கு ஒரு முறை, தை மாதத்தில், லாக்கரைத் திறந்து பார்ப்பது எங்கள் வழக்கம். இப்போது சாவி லாக்கர்களை எடுத்துவிட்டு, எண்ணும் கைரேகையும் கொண்டு திறக்கும் லாக்கர்களைப் பொருத்தப் போவதாகச் சொல்கிறார்கள். சாவி என் கையில் இருக்கும் தைரியம் இதில் வருமா? மின்சாரம் போனால் என்ன ஆகும்? வங்கியில் இருப்பவர்களே திறந்தால் எனக்கு எப்படித் தெரியும்? கிளையின் பின்சுவரை ஒட்டியிருந்த பாத்திரக் கடை ஆறு மாதமாகக் காலியாகக் கிடக்கிறது என்பதும் மனதை உறுத்துகிறது. பெங்களூரில் இருக்கும் மகன், லாக்கரை ஒப்படைத்துவிட்டு வீட்டிலேயே எலக்ட்ரானிக் பெட்டகம் வாங்கி வைக்கலாம் என்கிறான். என்ன செய்யலாம்?

பதில்:

மதிப்பிற்குரிய அம்மா,

வங்கிக் கிளைகளில் அலாரம், கேமரா, லாக்கர் அறைச் சென்சார் ஆகியவற்றைப் பொருத்திப் பராமரிக்கும் தொழிலில் 27 ஆண்டுகளாக இருக்கிறேன். உங்கள் கடிதத்தில் பூட்டைப் பற்றி மூன்று கேள்விகளும், பின்சுவரைப் பற்றி ஒரே ஒரு வரியும் இருக்கின்றன. என் அனுபவத்தில் கவலைப்பட வேண்டிய அளவு இதற்கு நேர்மாறானது. ஆயினும் நீங்கள் கேட்ட வரிசையிலேயே பூட்டிலிருந்து தொடங்குகிறேன்.

இப்போது உங்களிடம் இருப்பது இரட்டைச் சாவி லாக்கர். பொறுப்பாளர் தம்மிடமுள்ள மாஸ்டர் சாவியை முதலில் திருப்பினால்தான் உங்கள் சாவி உள்ளே சுழலும். அவர் சாவி மட்டும் இருந்தாலோ, உங்கள் சாவி மட்டும் இருந்தாலோ கதவு அசையாது. திறந்த பிறகு மீண்டும் பூட்டினால்தான் உங்கள் சாவியை வெளியே எடுக்க முடியும் என்கிற அமைப்பும் பெரும்பாலான லாக்கர்களில் உண்டு. எளிய, நல்ல ஏற்பாடு இது. இதன் குறை, அந்தச் சாவிக்கு நினைவாற்றல் கிடையாது என்பதுதான். யார் எப்போது திருப்பினார்கள் என்பதற்கு, மேசையிலுள்ள பதிவேட்டில் போட்ட கையெழுத்தைத் தவிர வேறு சாட்சி இல்லை. எலக்ட்ரானிக் பூட்டு அந்த இடத்தில்தான் ஒரு படி மேலே நிற்கிறது. ஒவ்வொரு திறப்பும், தவறான எண்ணை அழுத்திய ஒவ்வொரு முயற்சியும், தேதி, நேரத்தோடு அதன் நினைவகத்தில் பதிவாகும்.

மின்சாரம் போனால் என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். இந்தப் பூட்டுகளின் தாழ்ப்பாள் மின்சாரம் இல்லாதபோது பூட்டிய நிலையிலேயே நிற்கும்படி செய்யப்பட்டது. மின்சாரம் தேவைப்படுவது திறப்பதற்குத்தான். பேட்டரி தீர்ந்து போனாலும் எண்ணும் கைரேகைப் பதிவும் அழியாத வகை நினைவகத்தில் இருக்கும். பல பூட்டுகளின் முகப்பிலேயே இரண்டு சிறிய உலோகப் புள்ளிகளைக் காணலாம். சாதாரண 9 வோல்ட் பேட்டரி ஒன்றை அங்கே வெளியிலிருந்து ஒட்டிப் பிடித்தால் பூட்டு விழித்துக்கொள்ளும். ஆகவே மின்வெட்டைப் பற்றிய பயம் வேண்டாம்.

கைரேகையைப் பற்றி மட்டும் ஒரு எச்சரிக்கை சொல்ல வேண்டும். கருவி உங்கள் விரலைப் படமாகச் சேமிப்பதில்லை. ரேகைகள் பிரியும் இடங்களையும் முடியும் இடங்களையும் கணக்கிட்டு ஒரு எண்தொகுப்பாக வைத்துக்கொள்கிறது. வயது ஏறி, தோல் உலர்ந்து, பாத்திரம் துலக்கியும் சாக்பீஸ் பிடித்தும் தேய்ந்த விரல்களில் அந்தப் புள்ளிகள் தெளிவாகக் கிடைப்பதில்லை. ரேஷன் கடையில் விரல் பதியாமல் பெரியவர்கள் திரும்பத் திரும்ப வைத்துப் பார்ப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். எனவே பதிவு செய்யும் நாளில் ஒரு விரலோடு நிறுத்தாமல் இரண்டு கைகளிலிருந்தும் விரல்களைப் பதியச் சொல்லுங்கள். விரல் ஒத்துழைக்காத நாளில் எண்ணும் அட்டையும் கொண்டு திறக்க வழி உண்டா என்பதையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். எண்ணை ஊழியர் எவரும் உங்களுக்காக அழுத்த இடம் தராதீர்கள். உதவி செய்கிறேன் என்று அன்போடு சொன்னாலும் வேண்டாம்.

வங்கியில் இருப்பவர்களே திறந்தால் என்ற உங்கள் கேள்வி சந்தேகப் புத்தியில் பிறந்ததன்று. நாட்டின் உச்ச நீதிமன்றமே எழுப்பிய கேள்வி அது. கொல்கத்தாவைச் சேர்ந்த அமிதாப தாஸ்குப்தா என்பவர் யுனைடெட் பாங்க் ஆஃப் இந்தியா மீது தொடுத்த வழக்கில் 2021 பிப்ரவரி 19 அன்று தீர்ப்பு வந்தது. முன்னறிவிப்பு இல்லாமல் 1994-இல் லாக்கரை உடைத்துவிட்டார்கள், உள்ளே இருந்த ஏழு நகைகளில் இரண்டுதான் திரும்பக் கிடைத்தன என்பது அவருடைய புகார். வங்கி 5 லட்சம் ரூபாய் இழப்பீடும், செலவுத் தொகையாக 1 லட்சம் ரூபாயும் தர வேண்டும் என்று தீர்ப்பளித்த நீதிபதிகள், எலக்ட்ரானிக் லாக்கர்களைப் பற்றியும் தனியாகக் கவலைப்பட்டிருக்கிறார்கள். இரட்டைச் சாவியில் ஒன்றாவது வாடிக்கையாளரிடம் இருந்தது. எலக்ட்ரானிக் லாக்கரில் அவரிடம் இருப்பது ஒரு கடவுச்சொல் மட்டுமே. அந்தக் கருவியை இயக்கும் நுட்பம் அவருக்குத் தெரியாது, தெரிந்தவர்கள் அதைத் திரிக்கவும் கூடும், ஆகவே அவர் முழுக்க முழுக்க வங்கியின் கையில் இருக்கிறார் என்பது அவர்களுடைய கருத்தின் சாரம். தொழில் தெரிந்தவன் என்ற முறையில் அதில் ஒரு சொல்லைக்கூட நான் மறுக்க மாட்டேன்.

அந்தத் தீர்ப்பின் விளைவாக, 2021 ஆகஸ்டு 18 அன்று ரிசர்வ் வங்கி லாக்கர்களுக்கான புதிய விதிகளை வெளியிட்டது. அவை 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தன. எலக்ட்ரானிக் லாக்கரை வங்கித் தரப்பில் திறப்பதற்கான நிர்வாகக் கடவுச்சொல் ஒரு மூத்த அதிகாரியின் பொறுப்பில் இருக்க வேண்டும், அது பயன்பட்ட ஒவ்வொரு முறையும் அழிக்க முடியாத தடமாகப் பதிவாக வேண்டும் என்பது அவற்றின் நோக்கம். ஆகவே உங்கள் கிளை மேலாளரிடம் நீங்கள் கேட்க வேண்டியது, 'அந்தக் கடவுச்சொல் யாரிடம் இருக்கிறது, அதன் பதிவை யார் தணிக்கை செய்கிறார்கள்' என்பதுதான். கடவுச்சொல்லை வைத்திருப்பவரும் பதிவைச் சரிபார்ப்பவரும் ஒரே ஆளாக இருந்தால், அந்தப் பதிவுக்குப் பெரிய மதிப்பு இல்லை.

இனி நீங்கள் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போன விஷயத்துக்கு வருகிறேன்.

கன்னம் வைத்துத் திருடுவது என்று நம் ஊரில் பழைய சொல் உண்டு. கதவையும் பூட்டையும் தொடாமல், கன்னக்கோலால் சுவரைத் துளைத்து உள்ளே போவது அது. கருவி மாறியிருக்கிறதே தவிர வழி மாறவில்லை. 2014 அக்டோபரில் ஹரியானாவின் கோஹானாவில், பக்கத்தில் பாழடைந்து கிடந்த ஒரு கட்டடத்திலிருந்து ஏறத்தாழ 125 அடி நீளத்துக்குச் சுரங்கம் தோண்டி, வார இறுதியில் எழுபதுக்கும் மேற்பட்ட லாக்கர்களை உடைத்தார்கள். திங்கட்கிழமை காலையில்தான் வங்கிக்குத் தெரிந்தது. 2017 நவம்பரில் நவி மும்பையின் ஜூயிநகரில், வங்கிக்கு அருகே கடையை வாடகைக்கு எடுத்து, மளிகை வியாபாரம் நடத்துவதுபோல் காட்டிக்கொண்டே தரைக்கடியில் வழி தோண்டி 30 லாக்கர்களைக் காலி செய்தார்கள். 2019 ஜனவரியில் நம் திருச்சிக்கு அருகே, நம்பர் 1 டோல்கேட்டில், ஒரு வங்கிக் கிளையின் சுவரைத் துளைத்து லாக்கர்களை உடைத்தார்கள். 2024 டிசம்பரில் லக்னோவின் சின்ஹட் பகுதியிலும் சுவர் வழிதான். 42 லாக்கர்கள் உடைபட்டன. இவற்றில் எங்குமே லாக்கரின் பூட்டு எத்தனை உயர்ந்தது என்பது கேள்வியாகவே இருக்கவில்லை. உள்ளே வந்து, இரவு முழுவதையும் கையில் வைத்துக்கொண்டிருப்பவனுக்கு லாக்கர் கதவு என்பது சில மில்லிமீட்டர் இரும்புத் தகடு. கடப்பாரையும் காஸ் கட்டரும் அதற்குப் போதும். ஆகவே அவன் உள்ளே வருவதற்கு முன்பே, சுவரைத் தொட்ட முதல் சில நிமிடங்களிலேயே தெரிய வேண்டும்.

அதற்கென்று ஒரு கருவி இருக்கிறது. நாங்கள் வைப்ரேஷன் சென்சார் என்போம். உள்ளங்கை அளவுள்ள ஓர் இரும்புப் பெட்டி. அழுத்தினால் மிகச் சிறிய மின்னழுத்தத்தை உண்டாக்கும் படிகத் துண்டு ஒன்று அதற்குள் இருக்கும். லாக்கர் அறையின் சுவரில் இறுக்கிப் பொருத்திய தகட்டின்மேல் இதைத் திருகிவிட்டால், சுவருக்குள் ஓடும் அதிர்வை அது இடைவிடாமல் கேட்டுக்கொண்டிருக்கும். தெருவில் லாரி போனால் வருவது தாழ்ந்த, உருளும் அதிர்வு. டிரில்லிங் மெஷின் கான்கிரீட்டைக் கடிக்கும்போது வருவது உயர்ந்த, விடாமல் தொடரும் அதிர்வு. உளியின் மேல் சுத்தியல் விழுந்தால் தனித்தனியான, கூர்மையான அதிர்வுகள். காஸ் கட்டரின் தீ இரும்பை உருக்கும்போதுகூட அந்த உலோகம் ஒரு மெல்லிய இரைச்சலை எழுப்புகிறது. இந்த வேறுபாடுகளைப் பிரித்தறிந்து, எது எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்று எண்ணிப் பார்த்து, பிறகுதான் சென்சார் குரல் கொடுக்கும். பொருத்தி முடித்ததும் சுவரின் மறுபக்கத்தில் என் உதவியாளரை நிறுத்தி, உளியை வைத்துத் தட்டச் சொல்வேன். மூன்றாவது நான்காவது தட்டில் பேனலில், அதாவது அலாரத்தின் கட்டுப்பாட்டுப் பெட்டியில், சிவப்பு விளக்கு எரிந்தால் சரி. பக்கத்துக் கட்டடத்தின் ஜெனரேட்டரை ஓடவிட்டு அப்போது எரியாமலும் இருக்க வேண்டும். இந்த இரண்டுக்கும் இடையில் உணர்திறனைத் திருகித் திருகி நிறுத்துவதற்கு அரை நாள் ஆன கிளைகள் உண்டு.

இந்தச் சென்சாரின் எல்லையையும் சொல்ல வேண்டும். நல்ல கான்கிரீட்டில் ஒன்று சுமார் நான்கு மீட்டர் தூரம் வரை கேட்கும். ஆனால் கான்கிரீட் முடிந்து செங்கல் தொடங்கும் இணைப்பைத் தாண்டி அதிர்வு சரியாகப் போகாது. ஆகவே ஒவ்வொரு சுவருக்கும், தரைக்கும், கூரைக்கும், கதவுக்கும் தனித்தனியாகச் சென்சார் வேண்டும். நம் ஊர்களில் பல கிளைகள் கடைத்தெருவின் பழைய வாடகைக் கட்டடங்களில் இருக்கின்றன. கதவுக்கு ஒன்று, முன்சுவருக்கு ஒன்று என்று வைத்துவிட்டு, கடைக்காரரோடு பொதுவாக இருக்கும் பின்சுவரை வெறுமனே விட்ட இடங்களை நான் பார்த்திருக்கிறேன். உங்கள் கிளையில் பின்பக்கத்துப் பாத்திரக் கடை காலியாக இருக்கிறது என்று படித்தவுடன் எனக்கு ஜூயிநகர்தான் நினைவுக்கு வந்தது. அங்கே யார் வந்தாலும் திருடர்கள் என்று நான் சொல்லவில்லை. யார் வாடகைக்கு வருகிறார்கள், கடைக்குள் இடிக்கும் வேலை நடக்கிறதா என்பதைக் கிளை தொடர்ந்து கவனிக்க வேண்டும். அந்தச் சுவரில் சென்சார் இல்லையென்றால் உடனே வைக்க வேண்டும்.

சுவரையும் மீறி உள்ளே வந்தவனுக்காக வேறு சில கருவிகள் இருக்கின்றன. கதவில் காந்தத் தொடுப்பு இருக்கும். கதவு விலகினால் காந்தம் விலகி, சுற்று அறுந்து, அலாரம் எழும்பும். அறைக்குள் நடமாடும் உடலின் வெப்பத்தை உணரும் மோஷன் சென்சார் இருக்கும். பகலில் வாடிக்கையாளர் வந்து போகும் நேரத்தில் இவற்றை அணைத்துவைத்து இரவில் இயக்குவார்கள். வைப்ரேஷன் சென்சாரும் அவசர அழைப்புப் பொத்தானும் 24 மணி நேரமும் விழித்திருக்கும் பகுதியில் இணைக்கப்பட வேண்டும். ஒயர்களின் கடைசியில் ஒரு சிறிய மின்தடையை வைத்திருப்போம். யாராவது ஒயரை வெட்டினாலோ, இரண்டு ஒயர்களைச் சேர்த்து முறுக்கினாலோ, பேனலுக்குப் போகும் மின்னோட்டத்தின் அளவு மாறிவிடும். அதையும் அலாரமாகவே பேனல் எடுத்துக்கொள்ளும். சைரன் ஒலிக்கும் அதே நேரத்தில் ஆட்டோ டயலர் என்னும் பெட்டி, தனக்குள் இருக்கும் சிம் கார்டின் மூலம் மேலாளர், துணை மேலாளர், காவல் நிலையம் என்று வரிசையாக அழைக்கும்.

இவ்வளவும் காகிதத்தில் சரியாகத்தான் இருக்கும். காவிரிக் கரையிலுள்ள ஓர் ஊரின் வங்கிக் கிளையில் சில ஆண்டுகளுக்கு முன் பராமரிப்புக்காகப் போனபோது கண்டதைச் சொல்கிறேன். சுவரில் பேனல் இருந்தது, பச்சை விளக்கும் எரிந்தது. சைரனைச் சோதிக்கலாம் என்று கதவுச் சென்சாரை விலக்கினேன், சத்தமே இல்லை. மேலே ஏறிப் பார்த்தால் சைரனுக்குப் போகும் ஒயர் கழற்றப்பட்டு, நுனியில் இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தது. விசாரித்தேன். மோஷன் சென்சாரின் முகப்பில் பல்லி ஊர்ந்து, இரவு இரண்டு மணிக்கு மூன்று முறை அலாரம் அடித்திருக்கிறது. அக்கம்பக்கத்தார் சண்டைக்கு வந்ததால் அப்போதிருந்த ஒருவர் ஒயரைக் கழற்றச் சொல்லியிருக்கிறார். அவர் மாற்றலாகிப் போய்விட்டார், ஒயர் அப்படியே இருந்துவிட்டது. ஆட்டோ டயலரையாவது பார்ப்போம் என்று திறந்தால், அதிலிருந்த சிம் கார்டு ரீசார்ஜ் செய்யப்படாமல் செத்து எட்டு மாதம் ஆகியிருந்தது. எட்டு மாதமும் அந்தக் கிளையின் லாக்கர்களுக்குக் காவலாக இருந்தது அந்தப் பச்சை விளக்கு ஒன்றுதான். அன்று இரவு வீட்டுக்குப் போய் எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் பொருத்திய வேறு எத்தனை கிளைகளில் இப்படி இருக்கும் என்ற எண்ணமே ஓடிக்கொண்டிருந்தது. மறுவாரத்திலிருந்து எல்லாக் கிளைகளிலும் சிம் கார்டு காலாவதியாகும் தேதியை எங்கள் அலுவலகத்திலேயே ஒரு பதிவேட்டில் எழுதிவைக்கும் பழக்கத்தைத் தொடங்கினோம். பல்லி ஏறும் சென்சார்களையும் இடம் மாற்றிப் பொருத்தினோம்.

அலாரம் ஒழுங்காக அடித்தும் காப்பாற்ற முடியாமல் போன நிகழ்ச்சியும் உண்டு. 2015 ஏப்ரலில், ஈஸ்டர் விடுமுறையில், லண்டனின் ஹேட்டன் கார்டனில் நகை வணிகர்கள் பயன்படுத்திய பாதுகாப்புப் பெட்டக அறைக்குள் முதிய திருடர்கள் சிலர் புகுந்தார்கள். நள்ளிரவு தாண்டியவுடனே அலாரம் செய்தி அனுப்பிவிட்டது. காவல்துறை அதற்கு ஆள் அனுப்பத் தேவையில்லை என்று முடிவு செய்தது. வந்து பார்த்த காவலாளி, வெளிக்கதவு சேதமில்லாமல் இருப்பதைக் கண்டு திரும்பிவிட்டார். அரை மீட்டர் தடிமனுள்ள கான்கிரீட் சுவரைத் துளைத்தும் முதல் இரவில் பெட்டகங்களை அடைய முடியாமல் திரும்பிய திருடர்கள், ஓர் இரவு இடைவெளி விட்டு நிதானமாக மீண்டும் வந்து 73 பெட்டிகளை உடைத்தார்கள். போகும்போது கேமராவின் ஹார்டு டிஸ்க்கையும் எடுத்துக்கொண்டார்கள். ஆகவே, அலாரம் இருக்கிறதா என்று மேலாளரிடம் கேட்பதோடு நிற்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை இரவு அலாரம் அடித்தால் சாவியோடு உள்ளே வந்து பார்ப்பவர் யார், அவர் எவ்வளவு தூரத்தில் வசிக்கிறார், ஒத்திகை கடைசியாக எப்போது நடந்தது என்றும் கேளுங்கள். உங்களைப் போன்ற நீண்ட கால வாடிக்கையாளர் மரியாதையோடு கேட்டால் நல்ல மேலாளர் எவரும் வருத்தப்பட மாட்டார். பாதுகாப்பு காரணமாக நுட்ப விவரங்களைச் சொல்ல மறுத்தால் அது நியாயமே. ஆனால் ஒத்திகை நடந்ததா என்பதற்கு ஆம் அல்லது இல்லை என்று அவரால் சொல்ல முடியும்.

அடுத்தது கேமரா. லாக்கர் அறைக்குப் போகும் வழியும் வரும் வழியும் ஒன்றே ஆக இருக்க வேண்டும், அந்த வழியும் பொதுப் பகுதிகளும் சிசிடிவி கண்காணிப்பில் இருக்க வேண்டும், பதிவுகளைக் குறைந்தது 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதித்திருக்கிறது. 180 நாள் என்பது சொல்வதற்கு எளிது. ஒரு கேமரா நொடிக்கு 2 மெகாபிட் அளவில் இடைவிடாமல் பதிவு செய்தால் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 21.6 ஜிபி ஆகும். 180 நாளைக்கு அது ஏறத்தாழ 3,900 ஜிபி. எட்டுக் கேமராக்கள் இருந்தால் 31 டிபிக்கு, அதாவது 31,000 ஜிபிக்கு மேல் இடம் வேண்டும். ஹார்டு டிஸ்க் நிறைந்ததும் கருவி எவரையும் கேட்காமல் பழைய நாளின் பதிவை அழித்துப் புதியதை எழுதும். விதிப்படி எல்லாம் சரியாக நடக்கும் கிளையில்கூட ஆறு மாதத்துக்கு முந்தைய படம் இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

இதை உங்கள் வழக்கத்தோடு சேர்த்துப் பாருங்கள். தை மாதத்தில் லாக்கரைத் திறந்து பார்த்துவிட்டு வருகிறீர்கள். மாசியில் ஏதாவது தவறு நடந்தால் ஆவணியில் அதன் படம் அழிந்துவிடும். உங்களுக்குத் தெரிய வருவது அடுத்த தையில். அப்போது கேமரா இருந்தும் பயனில்லை. எனவே ஆண்டுக்கு ஒரு முறை என்பதை மாற்றி, ஐந்து மாதத்துக்கு ஒரு முறையாவது திறந்து பார்க்கும் வழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள். சந்தேகம் ஏற்பட்டால் அன்றே எழுத்தில் புகார் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையோடு நகல் வாங்குங்கள். உங்கள் அனுமதியின்றித் திறக்கப்பட்டது அல்லது திருட்டு நடந்தது என்று புகார் வந்துவிட்டால், காவல்துறை விசாரணை முடிந்து தகராறு தீரும்வரை அந்தப் பதிவை வங்கி பாதுகாத்து வைத்தாக வேண்டும். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் நிறைவளிக்காவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம்.

பணத்தைப் பற்றிய உண்மையையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். தீ, திருட்டு, கொள்ளை, கட்டடம் இடிந்து விழுதல், ஊழியரின் மோசடி ஆகியவற்றால் இழப்பு ஏற்பட்டால் வங்கியின் பொறுப்பு லாக்கரின் ஆண்டு வாடகையைப் போல் 100 மடங்கு. ஆண்டுக்கு 3,000 ரூபாய் வாடகை கட்டினால் 3 லட்சம் ரூபாய் கிடைக்கும். இன்றைய தங்க விலையில் அது எத்தனை சவரனுக்கு ஈடாகும் என்பதை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். நிலநடுக்கம், வெள்ளம், இடி மின்னல் போன்றவற்றால் வரும் இழப்புக்கு அந்தப் பொறுப்பும் இல்லை. லாக்கருக்குள் என்ன இருக்கிறது என்று வங்கிக்குத் தெரியாது என்பதால் உள்ளே இருக்கும் பொருளுக்கு வங்கி காப்பீடு செய்வதும் இல்லை. நகைக்கான காப்பீட்டை நீங்களே ஒரு காப்பீட்டு நிறுவனத்திடம் எடுக்க வேண்டும். அதற்கு மதிப்பீட்டுச் சான்றும் ஒவ்வொரு நகையின் புகைப்படமும் தேவைப்படும். நாளை ஏதேனும் நேர்ந்தால், உள்ளே என்ன இருந்தது என்பதற்கு அந்தப் படங்களும் பில்களும்தான் உங்களுக்குத் துணை. படங்களை லாக்கருக்குள்ளேயே வைத்துவிடாமல் மகனிடம் ஒரு பிரதி கொடுத்து வையுங்கள்.

மகன் சொல்லும் வீட்டுப் பெட்டகத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். அவருடைய அக்கறை புரிகிறது. ஆனால் கடைகளில் கிடைக்கும் எலக்ட்ரானிக் பெட்டகங்களில் பெரும்பாலானவை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போகக்கூடியவை. தரையிலும் சுவரிலும் போல்ட் போட்டு இறுக்கினாலும், தனியாக வசிக்கும் ஒருவரின் வீட்டில் பூட்டின் எண்ணைக் கத்தி முனையில் கேட்க முடியும் என்ற ஆபத்து வங்கியில் கிடையாது. 1873-இல் அமெரிக்காவின் ஜேம்ஸ் சார்ஜென்ட் நேரப் பூட்டுக்குக் காப்புரிமை பெற்ற காலத்தில், காசாளர்களை வீட்டிலேயே மிரட்டி எண்ணைப் பறிப்பது திருடர்களின் வழக்கமாக இருந்தது. குறித்த மணி ஆகும்வரை, சரியான சாவியும் எண்ணும் இருந்தாலும் திறக்காத பூட்டு அது. உங்களிடமே இல்லாத பொருளை உங்களை மிரட்டிப் பறிக்க முடியாது. லாக்கரை ஒப்படைக்காதீர்கள். அன்றாடம் அணியும் நகை மட்டும் வீட்டில் இருக்கட்டும்.

புதிய லாக்கருக்கு மாறுவதற்குச் சம்மதம் கொடுக்கும் நாளில் ஒப்பந்தத்தை முழுவதும் படித்து, உங்களுக்கான நகலைக் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள். பழைய லாக்கரிலிருந்து புதியதற்குப் பொருளை மாற்றும்போது மகனையும் அழைத்துக்கொண்டு, நீங்களே எண்ணி மாற்றுங்கள். ஊழியர் மாற்றி வைக்கட்டும் என்று விடவேண்டாம்.

இவற்றுக்கெல்லாம் முன்னால், இந்த வாரமே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. லாக்கர் திறக்கப்பட்ட ஒவ்வொரு நாளும், அந்த நாள் முடிவதற்குள், தேதியையும் நேரத்தையும் குறிப்பிட்டு வாடிக்கையாளருக்குக் குறுஞ்செய்தியும் மின்னஞ்சலும் அனுப்ப வேண்டும் என்பது விதி. வங்கியில் இருப்பவர்கள் திறந்தால் எனக்கு எப்படித் தெரியும் என்ற உங்கள் கேள்விக்கு இதைவிட நேரான பதில் இல்லை. ஆனால் அந்தச் செய்தி இன்று உங்கள் கணவரின் எண்ணுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. நான் சொன்ன காவிரிக் கரைக் கிளையின் ஆட்டோ டயலரில் செத்துக் கிடந்த சிம் கார்டுக்கும் இதற்கும் வேறுபாடு இல்லை. இறப்புச் சான்றிதழ், உங்கள் ஆதார், லாக்கர் ஒப்பந்தம் மூன்றையும் எடுத்துக்கொண்டு போய் லாக்கரின் பெயர் விவரத்தைத் திருத்தி, உங்கள் எண்ணையும் மின்னஞ்சலையும் பதிவு செய்யுங்கள். எண் மாறியதாகத் தகவல் வந்த பிறகு இன்னொரு நாள் போய் லாக்கரை ஒரு முறை திறந்து மூடிவிட்டு வாருங்கள். அன்று இரவுக்குள் உங்கள் கைபேசிக்குச் செய்தி வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் மறுநாள் காலையிலேயே மேலாளரிடம் எழுத்தில் கேளுங்கள்.